மாமாவுக்கு எடுத்த படம்

என்னை முதன்முதலாகப் படம் பிடித்தபோது நான் நானாக நிற்கவில்லை. என் அக்காவாக நின்றேன்.

அக்கா இறந்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இலங்கையில் தெமோதரைப் பக்கத் தேயிலைத் தோட்டத்துக்கு நாங்கள் வந்து சேர்ந்த முதல் மழைக்காலத்திலேயே காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. ஊரை விட்டுக் கிளம்பும்போது அம்மாவின் அண்ணன், "பெரியவளை மட்டும் எங்கிட்ட விட்டுட்டுப் போ தாயி" என்று கெஞ்சியிருக்கிறார். அம்மா கேட்கவில்லை. அந்த உறுத்தலில் அக்கா செத்த சேதியையே மாமாவுக்குச் சொல்லவில்லை. ஊருக்குப் போகிறவர்களிடமெல்லாம் "ரெண்டு புள்ளைகளும் சொகமா இருக்குன்னு சொல்லுங்க" என்பாள். அவர்களும் பாவம், அப்படியே போய்ச் சொல்லிவிடுவார்கள்.

தோட்ட வேலைக்கு ஆள் கட்ட ஊருக்குப் போய்வந்த கங்காணி ஒருநாள் எங்கள் லயத்து வீட்டு வாசலில் வந்து நின்றார். மாமா படுத்த படுக்கையாம். கண் மூடுவதற்குள் பெரியவள் முகத்தைப் பார்க்க வேண்டுமாம்.

"உண்மையைச் சொல்லிடலாமே புள்ள" என்றார் அப்பா.

"சாகப்போற மனுசங்கிட்டயா?" என்றாள் அம்மா. அக்காவுக்குப் பதிலாக என்னை நிறுத்திப் படம் எடுத்து அனுப்புவது என்று முடிவாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பதுளைப் பட்டணத்துக்கு நடந்தோம். அங்கே ஒரு துலுக்க முதலாளியின் புடவைக்கடைக் கொல்லையில் படம் பிடிப்பவர் திரை கட்டியிருந்தார். திரையில் தூணும் குளமுமாக ஒரு அரண்மனை. எனக்கு அக்காவின் பச்சைப் பாவாடையைக் கட்டிவிட்டார்கள். அவள் இருந்தவரை தொடக்கூட விடாத பாவாடை அது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அந்தச் சந்தோஷம் அதிக நேரம் நிலைக்கவில்லை.

"அப்ப நான் எங்க?" என்று கேட்டேன்.

"சின்னவளுக்குக் காய்ச்சல், அதான் வரலைன்னு சொல்லிக்கலாம்" என்றார் அப்பா.

"காய்ச்சல்னு சொல்லாதீங்க!" அம்மா போட்ட சத்தத்தில் கடைக்குள் துணி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவ தூங்குறான்னு சொல்லுங்க" என்றாள்.

பட்டப்பகலில் நான் எதற்குத் தூங்க வேண்டும்? செத்தும்கூட அக்காவுக்குத்தான் எல்லாம் என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பாவாடை சரியாக இருந்ததே தவிர, உயரம் போதவில்லை. மாமாவின் கணக்கில் அக்கா இரண்டு வருஷம் வளர்ந்திருக்க வேண்டுமே! முதலாளி சோப்புக் கட்டி வந்த ஒரு சவர்க்காரப் பெட்டியைக் கொண்டுவந்து போட்டார். என்னை அதன்மேல் ஏற்றி, பாவாடையைத் தழைத்துப் பெட்டியை மறைத்தார்கள்.

அம்மா தள்ளி நின்று பார்த்தாள். "இல்லீங்க, இம்புட்டு ஒசரம் இருக்க மாட்டா" என்று சொல்லித் தன் தோளுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினாள். "இந்த அளவுதான் இருப்பா."

வேறு பெட்டி வந்தது. அதுவும் சரியில்லை. மூன்றாவதில் ஏறியதும் என் தலை அம்மாவின் கைக்கு நேராக வந்தது. முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் ஏன் என்று கேட்காமல் நல்ல மனுஷனாகப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனார்.

அம்மா என் பக்கத்தில் வந்து தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். படம் பிடிப்பவர் ஆடக்கூடாது என்றார். நான் ஆடவில்லை.

திரும்பும்போது பாவாடையை மாற்றச் சொல்லவில்லை. அப்பா முன்னால் போய்க்கொண்டிருந்தார். நடுவில் நான். அம்மா பின்னால். ஏற்றத்தில் மழை பெய்து வழுக்கியது.

"பெரியவளே, பாத்து வாடி" என்றாள் அம்மா.

நான் சட்டென்று நின்று திரும்பினேன். அம்மாவைத் தாண்டி அவளுக்குப் பின்னால் கிடந்த பாதையைப் பார்த்தேன், அக்கா எங்கே வருகிறாள் என்று. அம்மா என்னைத் திட்டவில்லை. அவளும் மெதுவாகத் திரும்பி, நான் பார்த்த பக்கமே பார்த்தாள்.

அங்கே யாரும் இல்லை என்பது எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அம்மா ஏன் அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள் என்பதுதான் தெரியவில்லை. பசிக்கிறது என்று அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன்.