கிள்ளானிலிருந்து வந்த மொட்டைக் கடுதாசி

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கொடுத்த வீட்டில் நாங்கள் குடியிருந்த காலத்தில், எங்கள் வீட்டு வரிசைக்கு எந்தக் காகிதம் வந்தாலும் அது நிஜமா புரட்டா என்று சொல்லும் வேலை என்னிடம் இருந்தது. யாரும் கொடுத்த வேலை அல்ல, நானாக எடுத்துக்கொண்டதுதான். கூட்ஸ் ஷெட்டில் நான் கிராணி, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா. தமிழும் கொஞ்சம் இங்கிலீஷும் படிக்கத் தெரியும். மற்ற வீடுகளில் இருந்தவர்கள் தண்டவாள வேலைக்காரர்கள், நிலக்கரி அள்ளுகிறவர்கள், கைகாட்டி மரத்தைப் பார்த்துக்கொள்கிறவர்கள். கடிதம், விளம்பரச் சீட்டு, மருந்துப் புட்டி, கப்பல் டிக்கெட் என எழுத்து இருக்கிற எதுவானாலும் என் வீட்டு வாசலுக்கு வந்துவிடும்.

நானும் ஒருமுறை ஏமாந்தவன்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பத்திரிகையில் ஒரு விளம்பரம் பார்த்தேன். கல்கத்தாவில் உள்ள ஒரு கம்பெனிக்கு மணியார்டர் செய்தால் தங்க முலாம் பூசிய கைக்கடிகாரம் வரும், கூடவே மோதிரம், சீப்பு, பேனா, கண்ணாடி எல்லாம் இலவசம் என்று போட்டிருந்தது. அனுப்பினேன். மூன்று மாதம் கழித்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே இருந்தது தகரக் கடிகாரம். முட்களை மையால் வரைந்திருந்தார்கள். ஷெட்டில் இருந்தவர்கள் ஒரு மாதம் என்னிடம் மணி கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு காகிதங்களைச் சந்தேகக் கண்ணோடுதான் பார்த்தேன். ஒரு தடவை கைகாட்டிக்காரரின் மனைவிக்கு ஒரு கடிதம் வந்தது. இதை ஒன்பது பிரதி எழுதி ஒன்பது பேருக்கு அனுப்ப வேண்டும், அனுப்பாவிட்டால் ரத்தம் கக்கிச் சாவாய் என்று எழுதியிருந்தது. அந்த அம்மாவுக்கு எழுதத் தெரியாது. சாகத்தான் போகிறோம் என்று உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். நான் கடிதத்தை வாங்கி அவர் கண் முன்னாலேயே கிழித்து அடுப்பில் போட்டேன். "என்ன ஆகுதுன்னு பாப்போம்" என்றேன். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு தடவை, பாதி விலைக்கு நாகப்பட்டினம் கப்பல் டிக்கெட் விற்க வந்தவனிடம் டிக்கெட்டை வாங்கிப் பார்த்து, முத்திரையில் தேதி இல்லை என்று பிடித்துக் கொடுத்தேன். அவனைப் போலீஸ் இழுத்துப்போனதைத் தெருவே பார்த்தது. அன்று முதல் என் சொல்லுக்கு மறுசொல் கிடையாது என்றாகிவிட்டது. எனக்கும் அது பிடித்திருந்தது. இதையும் எழுதாவிட்டால் மீதியை எழுதுவதில் அர்த்தமில்லை.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு தம்பதி இருந்தார்கள். அவர் கிள்ளான் பாதையில் தண்டவாளம் பழுதுபார்க்கும் கேங்கில் வேலை செய்தார். வாரம் முழுக்கக் காட்டோரக் கொட்டகையில் தங்குவார், சனிக்கிழமை வீட்டுக்கு வருவார். மனைவிக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். தினமும் காலையில் ஆப்பம் சுட்டுத் தனியாள்களுக்கு விற்பாள். கெட்டிக்காரி. நான் ஏதாவது படித்துச் சொன்னால் மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அவள் மட்டும் நின்று, "அது எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்பாள். நான் பெருமையாக விளக்குவேன். எழுத்துப் பிழை இருக்கிறதா பார், பெயரும் விலாசமும் இருக்கிறதா பார், பத்துப் பேருக்குச் சொல் என்று கெஞ்சுகிறதா பார். இவைதான் என் சோதனைகள்.

அந்த மழைக்காலத்தில் கேங்கில் பாதிப் பேருக்குக் குளிர் காய்ச்சல் வந்தது. அவள் புருஷனுக்கும் வந்தது. கொட்டகைக்கு வந்த ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் கொயினா மாத்திரை கொடுத்து அவரைத் தேற்றிவிட்டார். பிறகு அவளுக்கும் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்தாள். அங்கே போன அவளுடைய அண்ணி திரும்பி வரவில்லை. அதனால் பாசார் பக்கத்தில் ஒரு கடையில் கொயினா புட்டி ஒன்று வாங்கி வைத்துக்கொண்டாள். பச்சை லேபிளில் ஒரு கப்பல் படம், அதைச் சுற்றி இங்கிலீஷ் எழுத்து.

நாலைந்து நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை, நான் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், சால்வையைப் போர்த்திக்கொண்டு என் வாசலுக்கு வந்தாள். கையில் ஒரு துண்டுக் காகிதம்.

"அண்ணே, இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. கிள்ளான்ல இருந்து வருமே கருவாட்டுக்கார அம்மா, அது குடுத்துச்சு. அங்க எல்லாரும் இதத்தான் பேசுறாங்களாம்."

பென்சிலால் எழுதியிருந்தது. எழுத்துகள் கோணல் மாணலாக இருந்தன. வாய்விட்டுப் படித்தேன். அதில் இருந்தது இவ்வளவுதான்: 'பச்ச சீட்டு ஒட்டுன கொயினா பொய். சுன்னாம்பு மாவு. எம் பொஞ்சாதி அத தின்னு செத்து போச்சி. யாரும் வாங்க வேனாம். பாத்தவங்க பத்து பேருக்கு சொல்லவும்.' கீழே பெயர் இல்லை.

நான் சிரித்துவிட்டேன். "நீயே சொல்லு, இது நிஜமா இருக்குமா? வரிக்கு ரெண்டு பிழை. பேரு இல்ல, ஊரு இல்ல. கடைசியில பத்து பேருக்குச் சொல்லணுமாம். அந்த ரத்தம் கக்குற கடுதாசி மாதிரியேதான்."

அவள் கொஞ்ச நேரம் அந்தக் காகிதத்தையே பார்த்தாள். படிக்கத் தெரியாதவள், ஆனாலும் பார்த்தாள். "அதுல அனுப்பாட்டி செத்துருவன்னு பயமுறுத்துச்சுண்ணே. இது வாங்காதீங்கன்னு மட்டுந்தானே சொல்லுது?"

"போட்டிக் கடைக்காரன் எவனாவது எழுதி விட்டிருப்பான்."

"போட்டிக்காரன்னா எங்கடைக்கு வாங்கன்னு ஒரு வார்த்தை எழுதியிருப்பான்ல?"

பதில் தெரியாதபோது மனிதனுக்குக் கோபம் வரும். எனக்கும் வந்தது. "அந்தப் புட்டியக் கொண்டா" என்றேன். கொண்டு வந்தாள். லேபிளைப் படித்தேன். லண்டனில் தயாரித்தது, சுத்தமான சரக்கு என்று அழகான அச்சில் ஒரு பிழையில்லாமல் போட்டிருந்தது. ஒரு மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக் கடித்தேன். நாக்கு சுருங்கும் அளவுக்குக் கசந்தது.

"சுண்ணாம்பு கசக்குமா? இது அசல் கொயினா. பயப்படாமச் சாப்பிடு."

"நீங்க சொன்னாச் சரிண்ணே."

அவள் புட்டியை மடியில் செருகிக்கொண்டு போனாள். நான் காகிதத்தைக் கசக்கி வாசல் சாக்கடையில் போட்டேன்.

அந்த வாரம் முழுக்கக் காய்ச்சல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தது. ஆப்பச் சட்டி அடுப்பில் ஏறவில்லை. என் மனைவி போய்ப் பார்த்துவிட்டு வந்து, "உடம்பு தூக்கித் தூக்கிப் போடுதுங்க, என்ன செய்றது?" என்று கேட்டாள். மாத்திரையை இரண்டு மடங்காகக் கொடுக்கச் சொன்னேன். என் மனைவிதான் பக்கத்தில் உட்கார்ந்து கொடுத்தாள்.

சனிக்கிழமை புருஷன் வந்தபோது அவளுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. நானும் அவரும் ஒரு மாட்டு வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் ஊரில் இருக்கிற யாரையோ கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். அங்கே இருந்த டிரஸ்ஸர் அவள் கண் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கோபமாகக் கேட்டார்.

"எத்தன நாளாக் காய்ச்சல்? ஏன் கொயினா குடுக்கல?"

"குடுத்தோமே ஐயா" என்று புருஷன் புட்டியை நீட்டினார்.

டிரஸ்ஸர் ஒரு மாத்திரையைக் கடித்துத் துப்பினார். இன்னொன்றைத் தண்ணீரில் போட்டுக் கரைத்தார். கிளாஸின் அடியில் வெள்ளை மாவு படிந்தது. ஒரு சொட்டு ஏதோ மருந்தை விட்டதும் அது பொங்கி நுரைத்தது. "சுண்ணாம்பும் மாவும்" என்றார். "மேல ஏதோ கசப்பு இலைச்சாறு பூசியிருக்கான். கசந்தா கொயினான்னு நம்பிருவீங்கன்னு அவனுக்குத் தெரியும்."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திங்கட்கிழமை மத்தியானம் அவள் இறந்தாள். புட்டியை டிரஸ்ஸர் மேலிடத்துக்கு அனுப்பியிருந்தார். பாசார் கடையிலும் கிள்ளானில் ஒரு கடையின் பின்கட்டிலும் சோதனை போட்டு மூட்டை மூட்டையாகப் பிடித்தார்கள். அதற்கு மூன்று வாரம் ஆனது. பிறகு ஸ்டேஷன் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். மேலே அரசாங்க முத்திரை, கீழே நாலு மொழியில் அச்சு. பச்சை லேபிள் கொயினா போலி, யாரும் வாங்கக் கூடாது என்றது. தமிழில் ஒரு பிழை இல்லை.

சுற்றிலும் முப்பது பேர் கூடிவிட்டார்கள். "கிராணி வந்துட்டாரு, வழி விடுங்க, படிக்கட்டும்" என்று என்னை முன்னால் தள்ளினார்கள். படித்தேன். யாரும் சந்தேகப்படவில்லை. யாரும் என்னிடம் இது நிஜமா என்று கேட்கவும் இல்லை. கூட்டத்தின் கடைசியில் அவள் புருஷன் நின்றிருந்தார். எல்லாரும் கலைந்த பிறகு கிட்டே வந்து, "இத ஒரு மாசம் முந்தி யாராச்சும் சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்ணே" என்றார். கடுதாசி வந்த விஷயம் அவருக்குத் தெரியாது. கொட்டகையில் இருந்தார் அல்லவா. நான் அவர் தோளில் கை வைத்தேன். அது மட்டும்தான் என்னால் முடிந்தது.

அடுத்த தடவை கருவாட்டுக்கார அம்மா வந்தார். கூடையை இறக்காமலே கேட்டார். "ஏங்க, அந்தப் பொண்ணுகிட்ட ஒரு கடுதாசி குடுத்தேனே. படிச்சவங்ககிட்ட காட்டுன்னு சொன்னேன். உங்ககிட்ட காட்டலையா?"

என் மனைவி உள்ளே இருந்தாள். தெருவில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

"இல்லையே, காட்டலையே" என்றேன்.

"அடப் பாவமே. காய்ச்சல்ல மறந்துட்டா போலிருக்கு" என்று அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார். செத்துப்போனவள் மறந்தவளாகவும் ஆனாள். பழியை அவள் மேல் போட எனக்கு ஒரு மூச்சு நேரம் போதுமானதாக இருந்தது.

ஆனால் எழுதியவன் யார் என்று அந்த அம்மாவிடமே கேட்டு வைத்துக்கொண்டேன். மறு ஞாயிறு ரயிலேறி கிள்ளான் துறைமுகத்துக்குப் போனேன். கூலிகள் குடியிருந்த லயத்துக்கு வெளியே ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்து, மூட்டை தூக்கும் கொக்கிக்குப் பிடி மாட்டிக்கொண்டிருந்தார் அந்த ஆள். நாற்பது வயது இருக்கும். நான் யாரென்று சொன்னதும் எழுந்து நின்றார். உட்காரச் சொன்னேன்.

"எத்தன கடுதாசி எழுதுனீங்க?"

"முப்பதுக்கு மேல இருக்கும்ங்க. காகிதம் கிடைச்சப்பல்லாம் எழுதுனேன்."

"ஏன் உங்க பேரப் போடல?"

அவர் லயத்தின் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "கடைக்காரன் எங்க கங்காணிக்கு மச்சான். பேரு போட்டா மறுநாளே வேலையில்ல. ரெண்டு பிள்ளைங்க இருக்கு. எஸ்டேட்டு ஸ்கூல்ல ரெண்டு வருசம் படிச்சதுதான், முப்பது எழுதுறதுக்குள்ள கை வலிச்சுப்போச்சு. படிச்சவங்க யாரு கையிலயாச்சும் ஒண்ணு கிடைச்சா, அவங்க எடுத்துச் சொன்னா சனங்க கேக்கும்னு நெனச்சேன்." கொக்கியைக் கீழே வைத்துவிட்டு, "உங்க கைக்கு ஒண்ணு வந்துச்சாங்க?" என்று கேட்டார்.

பிரிக்பீல்ட்ஸில் சொன்ன பொய்யை இங்கே சொல்ல வரவில்லை. "வந்துச்சு" என்றேன். "பொய்னு சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு செத்துப்போச்சு."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எழுத்து சரியில்லன்னுதானா?" என்று கேட்டார்.

"ஆமா."

அவர் தலையை ஆட்டினார். கொக்கியை எடுத்துப் பிடியைத் திரும்பவும் அடித்து இறுக்க ஆரம்பித்தார். நான் ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

பாசார் கடைக்காரனுக்கு அபராதம் போட்டார்கள். கட்டினான். நாலு மாதத்தில் அதே இடத்தில் கடை திறந்தது, இந்தத் தடவை தலைவலித் தைலம். சிவப்பு லேபிள். வாங்கலாமா என்று இரண்டு பேர் என்னிடமே கேட்க வந்தார்கள். ஆஸ்பத்திரியில் போய்க் கேளுங்கள் என்றேன். "கிராணிக்குத் தெரியாததா?" என்று சிரித்துவிட்டுப் போய் வாங்கினார்கள்.

அவள் புருஷன் ஊருக்குத் திரும்ப முடிவு செய்தார். கேங்குக்கு விலகல் மனுவை நான்தான் எழுதிக் கொடுத்தேன். கப்பலுக்குப் போகிற அன்று காலை வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போனேன். ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய், அவ்வளவுதான் சாமான். எப்படியும் இன்று கடுதாசி விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று வழி நெடுக வார்த்தையைக் கோத்துக்கொண்டு போயிருந்தேன். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அவளுக்கு உங்க மேல ரொம்ப மரியாதைண்ணே. எது வந்தாலும் அண்ணன்கிட்ட காட்டிக்கறேன், நீங்க கவலப்படாதீங்கன்னு சொல்லுவா. அந்த தைரியத்துலதான் நான் அவள விட்டுட்டு வேலைக்குப் போவேன்."

"போயிட்டு வாங்க தம்பி" என்றேன். "ஊருக்குப் போனதும் கடுதாசி போடுங்க."

வண்டி நகர்ந்தது. நான் கூட்ஸ் ஷெட்டுக்கு வேலைக்குப் போனேன். அவரிடமிருந்து கடிதம் எதுவும் வரவில்லை. வந்திருந்தால் பதிலில் எழுதியிருப்பேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எழுதியிருக்க மாட்டேன்.