பத்தியம் தவறாத இரண்டு வருஷம்

எங்கள் வீட்டுக் கொடிக்கயிற்றை நான் இரண்டு தடவை இறக்கிக் கட்டியிருக்கிறேன். துணி போட எட்டவில்லை என்று என் வீட்டுக்காரி முதல் தடவை சொன்னபோது, கயிறு புதுசு, விறைப்பாக நிற்கிறது என்று நினைத்தேன். இரண்டாவது தடவை ஒன்றும் நினைக்கவில்லை. ஆணியைப் பிடுங்கி ஒரு சாண் கீழே அடித்தேன். பரண் மேல் இருக்கும் பானையை ஒற்றைக் கையால் இறக்கியவள் அவள். என் கண்ணெதிரே ஆள் குட்டையாகிக்கொண்டு வந்தாள், எனக்குத் தெரியவில்லை. வயசானால் முதுகு கூனும் என்றுதான் எல்லோரையும் போல நானும் இருந்தேன்.

எனக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். பெரம்பலூரில் அவளைக் கட்டிக் கொடுத்திருக்கிறோம். எங்கள் ஊர் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில், சிமெண்ட் லாரி போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. இள வயசில் நான் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கல் ஏற்றினேன். பிறகு இடுப்பு ஒத்துழைக்கவில்லை. இருக்கிற மானாவாரி நிலத்தில் பருத்தியும் மக்காச்சோளமும் போட்டோம். பருத்தி எடுப்பது முழுக்க அவள்தான். மடியைக் கட்டிக்கொண்டு குனிந்தால் வரப்பு வருகிற வரைக்கும் நிமிர மாட்டாள். கறவை மாடு ஒன்று எப்போதும் உண்டு. காலையும் மாலையும் பால் சொசைட்டிக்குப் போகும்.

ஒரு நாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனவள், வாசல் ஈரத்தில் சறுக்கி வலது கையை ஊன்றிவிட்டாள். பலமாக விழவில்லை. ஆனால் மணிக்கட்டு ஒரு மாதிரியாகத் திரும்பிவிட்டது. அரியலூர்ப் பக்கம் எலும்புக்குக் கட்டுப் போடுகிற ஒருவரிடம் கூட்டிப்போனேன். உளுந்து மாவையும் முட்டை வெள்ளையையும் குழைத்துப் பூசி, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார். கட்டி முடித்ததும் என்னைத்தான் பார்த்துச் சொன்னார்.

"பத்தியம் முக்கியம் பாத்துக்கங்க. புளி, கத்திரிக்கா, கருவாடு, முட்டை, பாலு, தயிரு, மோரு, ஒண்ணும் ஆவாது. வெயில்ல நிக்க வுடாதீங்க. பத்தியம் தப்புனா கட்டு நிக்காது. அப்பறம் என்னையக் கேக்கக் கூடாது."

பத்தியம் என்றால் எனக்குப் பயம். காரணம் இருக்கிறது. என் அண்ணனுக்கு மஞ்சள்காமாலை வந்தபோது கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். நன்றாகத் தேறி வந்தான். ஒரு கல்யாண வீட்டில் யாருக்கும் தெரியாமல் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டான். எட்டாம் நாள் அவனைத் தூக்கிக்கொண்டு போனோம். கறிச்சோறுதான் கொன்றதா, காமாலைதான் கொன்றதா என்று இன்றைக்குக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அப்போது ஊரே சொன்னது ஒன்றுதான்: பத்தியம் தப்பிவிட்டான். மருந்து பாதி, பத்தியம் பாதி என்று அந்தச் சுடுகாட்டில் என் மனசில் ஏறியது இறங்கவே இல்லை.

கட்டுப் பிரித்தபோது கை கோணலாக இருந்தது. மகள் வந்து பார்த்துச் சத்தம் போட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எங்களைக் கூட்டிப்போனாள். அங்கே இருந்த டாக்டரம்மா சின்ன வயசு. அவர் கையைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தார், முதுகைத்தான் அதிக நேரம் பார்த்தார். சுவரில் குதிகாலும் முதுகும் படும்படி இவளை நிற்கச் சொன்னார். பின்னந்தலை சுவரைத் தொடவே இல்லை.

"கல்யாணத்தப்ப நீங்க ஐயாவோட தோள் உயரமா, காது உயரமா?" என்று கேட்டார்.

"அவர நிமுந்து பாத்துருந்தாத்தானங்க தெரியும்" என்றாள் இவள். நர்ஸ் சிரித்துவிட்டார்.

பெரம்பலூரில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு மறுபடி போனோம். எலும்பு உளுத்த மூங்கில் மாதிரி ஆகிவிட்டது, முதுகெலும்பில் இரண்டு இடத்தில் ஏற்கெனவே நசுங்கியிருக்கிறது, இனிமேல் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அடுத்தது இடுப்பு உடைந்தால் எழுந்திருப்பது கஷ்டம் என்று டாக்டரம்மா சொன்னார். சாப்பாட்டைப் பற்றியும் இவளிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் எக்ஸ்ரேயை மடங்காமல் எப்படிக் கொண்டுபோவது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மருந்து கொடுக்கிற ஜன்னலில் நான்தான் நின்றேன். எனக்குப் பின்னால் முப்பது பேர் நின்றார்கள். உள்ளே இருந்தவர் இரண்டு அட்டையை நீட்டினார்.

"பெரியவரே, நல்லாக் கேட்டுக்கங்க. இந்தச் சின்னது வாரத்துக்கு ஒண்ணுதான். திங்கக்கெழம வெறும் வயித்துல, ஒரு டம்ளர் பச்சத் தண்ணி. போட்டுட்டு அரமணி நேரம் படுக்கக் கூடாது. பாலு, காப்பி, மோரு, இந்தப் பெரிய மாத்திரை, எதுவும் இதோட சேக்கக் கூடாது. சேத்தா மருந்து புடிக்காது. நவுருங்க."

எனக்குச் சட்டென்று புரிந்தது. கட்டுக்காரர் சொன்ன அதே பத்தியம்தான். ஆஸ்பத்திரி மருந்துக்கும் பத்தியம் உண்டு என்று கேட்டதும் அந்த மருந்து மேல் எனக்கு நம்பிக்கையே வந்தது.

வீட்டில் சொன்னபோது அவள் யோசித்தாள். "டாக்டரம்மா பாலு, முட்டையெல்லாம் சாப்புடுன்னு சொன்ன மாதிரி இருந்துச்சேங்க."

"அவங்க பொதுவா சொல்லியிருப்பாங்க. மருந்து எடுத்துக் குடுக்குறவருக்குத் தெரியாதா? எங்க அண்ணன் கதை உனக்குத் தெரியுமில்ல?"

அவளுக்குத் தெரியும். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

பெரிய மாத்திரையை எடுத்து வைத்தேன். சின்னது எல்லாம் முடிந்த பிறகு அதைக் கொடுக்கலாம் என்று கணக்கு. தயிர், மோர் நின்றது. காப்பி கடுங்காப்பி ஆனது. கருவாடும் முட்டையும் போனது. வெயிலில் நிற்கக் கூடாது என்று பருத்திக் காட்டுக்கும் விடவில்லை. உள்ளே உட்கார வைத்தேன். திங்கட்கிழமை விடிந்ததும் நானே தண்ணீர் மொண்டு கொடுத்து, மாத்திரையை விழுங்கினாளா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, எதிரே உட்கார்ந்துகொள்வேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிற அந்த நேரத்தில் எதையாவது பேசிக்கொண்டிருப்போம்.

சித்திரை வெயிலில் ஒரு நாள் அவள் கேட்டாள். "தண்ணி மோரு ஒரு வாய் குடுங்களேன். நாக்கு வரளுது."

"ஒரு வாய் மோருல கெடுத்துக்கவா இம்புட்டு நாள் பத்தியம் இருந்த?"

"இல்ல, கேட்டேன்" என்றாள்.

பக்கத்து வீட்டில் அவள் தங்கை இருக்கிறாள். வாய்க்காரி. மாலையில் நான் பால் கேனோடு கிளம்பும்போது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வரும். "மாடு நம்ம கொட்டாயில, பாலு ஊரான் வூட்டுல, பொண்டாட்டிக்குக் கடுங்காப்பி. மாமா மாதிரி ஒரு மகராசனப் பாக்க முடியுமா?"

"உங்கக்கா எலும்பு கூடணுமா வேணாமாடி?"

"கூடுனாச் சரிதான் மாமா."

மாசத்துக்கு ஒரு முறை பிரஷரும் சர்க்கரையும் பார்க்க சுகாதார நிலையத்திலிருந்து ஒரு அம்மா வீட்டுக்கு வருவார். "மாத்திரையெல்லாம் ஒழுங்காப் போடுறீங்களா?" என்று கேட்பார். தவறாமல் போடுகிறோம் என்று அட்டையைக் காட்டுவேன். எங்களை மாதிரி எல்லாரும் இருந்தால் தனக்கு வேலை மிச்சம் என்று அவர் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருக்கும். என்ன சாப்பிடுகிறாள் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இப்படி இரண்டு வருஷம் போனது. மகள் வரும்போதெல்லாம் அம்மா இளைத்துவிட்டாள் என்பாள். பத்தியம் என்பேன். அவள் வருவது ஒரு பகல், அடுத்த பஸ்ஸுக்குப் போய்விடுவாள்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலை. அவள் அடுப்படியில் நின்று, பின்னால் இருந்த உப்பு ஜாடியை எடுக்கத் திரும்பினாள். தரை காய்ந்துதான் கிடந்தது. காலில் எதுவும் தட்டவில்லை. குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் எனக்கு வெளியே கேட்டது. அதற்கப்புறம்தான் அவள் விழுந்தாள். விழுந்து உடையவில்லை, உடைந்து விழுந்தாள்.

ஆம்புலன்ஸில் பெரம்பலூர், அங்கிருந்து திருச்சி. இடுப்பில் கம்பி வைத்தார்கள். எலும்பு கம்பியைப் பிடிக்கிற பலத்தில் இல்லை, பார்க்கலாம் என்றார்கள். வீட்டுக்கு வந்து மூன்று மாசமாகியும் கால் ஊன்ற முடியவில்லை. எல்லாம் படுக்கையில்தான்.

அடுத்த மாத்திரைக்காக நான் மட்டும் சுகாதார நிலையத்துக்குப் போனேன். அதே டாக்டரம்மா. திருச்சிக் காகிதங்களை எல்லாம் படித்தார். இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து இவ்வளவு குறைந்திருக்கிறதே, அந்தப் பெரிய மாத்திரை தினமும் போடுகிறார்களா, பால் எவ்வளவு குடிக்கிறார்கள் என்று கேட்டார்.

"ஒரு சொட்டு குடுக்கலிங்க டாக்டரம்மா. ரெண்டு வருசம். ஒரு நாள் பத்தியம் தவறல" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன பத்தியம்?"

சொன்னேன். ஜன்னலில் கேட்டதை ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொன்னேன். வெளியே டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள்; கொஞ்சம் இருக்கச் சொல்லி நர்ஸுக்குக் கையைக் காட்டினார்.

"ஐயா, அது அந்த அரை மணி நேரத்துக்குத்தான். திங்கக்கிழமை காலையில அந்த அரை மணி நேரம் மட்டும். அப்புறம் அந்தப் பெரிய மாத்திரை, பாலு, தயிரு எல்லாம் சாப்பிட்டாத்தான் அந்த மருந்தே வேலை செய்யும். நான் அம்மாகிட்ட சொன்னேனே."

"சொன்னீங்களாம்" என்றேன்.

"அது மட்டுமே காரணம்னு நினைக்காதீங்க. எலும்பு முன்னாடியே மோசமாத்தான் இருந்துச்சு. நாங்களும் கேட்டிருக்கணும்."

நல்ல பெண். எனக்காகச் சொன்னார். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நான் நின்றுகொண்டே வந்தேன்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். அவளுக்குத் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் நாளைக்குத் தட்டில் தயிரை ஊற்றினால் ஏன் என்று கேட்பாள், நான் என்ன சொல்வேன்? கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் சொன்னேன். அவள் மேல்கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அரமணி நேரமா?" என்றாள்.

"அரமணி நேரந்தானாம்."

பிறகு, "தங்கச்சிக்கிட்ட சொல்லாதீங்க. பேசியே கொன்னுபுடுவா உங்கள" என்றாள்.

எனக்கு வந்த அழுகையை அவள் பார்க்கவில்லை. பார்க்க அவளால் தானாகத் திரும்ப முடியாது.

"முதுகு எரியுது. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க" என்றாள்.

தோளுக்கடியில் ஒரு கையும் இடுப்புக்கடியில் ஒரு கையும் கொடுத்தேன். சுரங்கத்தில் கல் தூக்கிய கை. தோலுக்கு அடியில் விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டது. எவ்வளவு அழுத்திப் பிடித்தால் தாங்கும் என்று எனக்குத் தெரியவில்லை. டாக்டரம்மாவிடம் அதையும் கேட்டு வந்திருக்க வேண்டும். கையை வைத்தபடியே, தூக்காமல், நின்றுகொண்டிருந்தேன்.

"தூக்குங்க" என்றாள்.