வித்துக்குள் இருந்த புளிப்பு

பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவார்கள். பனைத்தொழில் செய்த குடும்பத்தில் பிறந்ததால் சுண்ணாம்பைப் பற்றி எல்லாம் தெரியும் என்ற எண்ணம் எனக்கு.

பேராசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் தூத்துக்குடியில் என் பழைய கல்லூரியின் ஆய்வகத்துக்குப் போய்வந்தேன். அங்கே வேதியியல் ஆசிரியையான திரேஸ்புரத்துப் பெண் ஒருவர், முனைவர் பட்டத்துக்காக அப்படியொரு சுண்ணாம்புக் கலயத்தில் இருந்த ஈஸ்ட் நுண்ணுயிரைப் பட்டினி போட்டு, ஸ்போர் எனப்படும் உறங்கும் வித்துகளாக்கியிருந்தார். அவற்றை உடைக்காமல் உள்ளே எவ்வளவு அமிலம் என்று அறிய வேண்டும். வெளியூரில் இருந்த காந்த ஒத்ததிர்வுக் (என்.எம்.ஆர்) கருவியில் வைத்தோம். பாஸ்பேட் இருக்கும் இடத்தின் அமிலத்துக்கேற்ப, திரையில் வரும் கோட்டில் அதன் முகடு நகர்ந்து நிற்கும்.

இரண்டு முகடுகள் வந்தன. பெரியது காரப் பக்கம், சிறியது அமிலப் பக்கம். பெரியதுதான் வித்தின் உட்புறம் என்றேன். சுண்ணாம்போடு வளர்ந்த ஈஸ்ட்டுக்கு உள்ளும் காரம் ஏறியிருக்கும் என்று உண்மையாகவே நம்பினேன்.

"அது வெளிய கெடக்குத தண்ணியோட பாஸ்பேட்டு மாதிரி இருக்கு அண்ணாச்சி" என்றார் அந்தப் பெண்.

"சுண்ணாம்பப் பத்தி எனக்கே சொல்லுதியா?"

"உங்க வீட்டுக் கலயம்னு மிஷினுக்குத் தெரியுமா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு தாங்காமல், அவருக்கு அனுபவம் போதாது என்று துறைத்தலைவரிடம் சொன்னேன். நான் சொன்னபடியே எழுதச் சொல்லிவிட்டார் அவர். அப்படி எழுதியிருந்தால் பட்டமே போயிருக்கும்.

அந்தப் பெண் சண்டை போடவில்லை. கருவிக்கு மறுமுறை இடம் கேட்டு வாங்கி, வித்துகளைக் கழுவி, வெளியே உள்ள திரவத்தின் அமிலத்தை மட்டும் மாற்றி அளந்தார். என்னையும் கூட்டிப் போயிருந்தார்.

"பாருங்க, பெரியவரு ஓடுதாரு. சின்னவரு அசையவே இல்ல."

வெளித் திரவத்தோடு சேர்ந்து அசையாததுதான் உட்புறம். உறங்கும் வித்துக்குள் லேசான அமிலம். அன்றே துறைத்தலைவரிடம் போய், தவறு என்னுடையது என்றேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு வாய்ப்பு கிடைத்ததே அந்தப் பெண்ணால்தான்.

வாய்மொழித் தேர்வில் வெளியூர்ப் பேராசிரியர், முதல் அளவீட்டில் ஏன் குழப்பம் என்று கேட்டார்.

"எங்களுக்கு முதலில் சரியாகப் புரியவில்லை, சார்" என்றார் அந்தப் பெண்.

பின்வரிசையில் இருந்த நான் எழுந்துவிட்டேன். "எனக்குத்தான் புரியவில்லை. இவர் முதலிலேயே சரியாகச் சொன்னார்."

வெளியே வந்ததும் அவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "எதுக்கு எழும்புனீங்க அண்ணாச்சி? பரீட்சை எனக்கா, உங்களுக்கா?"

"எனக்கும்தாம்மா."

"அப்பம் நீங்களும் பாஸுதான். வாங்க, டீ குடிப்போம்."