வலமிருந்தா, இடமிருந்தா?

என் தங்கை கோவிந்தம்மாவைக் கட்டிய விநாயகத்துக்கு வாய் கொஞ்சம் நீளம். அதற்காகவே ஒருமுறை ஆறு மாதம் அவனோடு பேசாமல் இருந்தேன். ஆனால் எங்கள் தீவில் லாங் மவுண்டன் ஊர்ப் பக்கத்தில் வண்டிப் பலகைக்கும் கடை வாசலுக்கும் பெயர் எழுத அவனை விட்டால் ஆள் கிடையாது. உருதுவோ பிரெஞ்சோ, எழுத்து தெரியாவிட்டாலும் காகிதத்தில் கொடுத்ததைப் பார்த்து அச்சாக எழுதிவிடுவான்.

அவன் உயிர் மட்டும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது. எஸ்டேட்டில் பதினெட்டு வருஷம் முதுகொடிந்து வாங்கிய இரண்டு அர்ப்பான், அதாவது ஏறக்குறைய இரண்டு ஏக்கர், கரும்பு நிலம் அங்கேதான். வெட்டு முடியுமுன் மழை பிடித்தால் ஆலைக்குப் போக ஆற்றில் வண்டி இறங்காது. வெட்டிய கரும்பு கரையிலேயே புளித்துப்போகும். இரண்டு வருஷம் அப்படியே போயிற்று. இன்னொரு வருஷம் போனால் நிலத்தை விற்றுவிட்டு மறுபடி கூலிக்குத்தான் போக வேண்டும்.

"சிர்தார் விசிலுக்கு இந்த வயசுல நான் ஓடணுமா மச்சான்?" என்பான். சிர்தார் என்றால் எஸ்டேட்டில் கூலிகளை வேலை வாங்கும் கங்காணி.

அந்தச் சமயத்தில் சட்டசபைத் தேர்தல் வந்தது. எங்கள் பக்கத்து முஸ்லிம்களுக்கு இரண்டு அஞ்சுமன்கள். மௌல்வி யாகூப் நடத்தியது ஒன்று, கடைக்காரர் சுலைமான் பாய் நடத்தியது மற்றொன்று. இரண்டும் மார்க்கச் சங்கமாக ஆரம்பித்துக் கட்சியாக மாறியவை. பெருநாளைக்கூட ஆளுக்கொரு நாளில் கொண்டாடுவார்கள். இவர்கள் கூட்டணி சேர்ந்து ஒரே ஆளை நிறுத்துகிறார்களாம், ஜெயித்தால் ஆற்றுக்குப் பாலமாம். நான் நம்பவில்லை. விநாயகம் நம்பினான். இத்தனைக்கும் எங்கள் இருவருக்கும் ஓட்டே கிடையாது, பெரிய சொத்துக்காரர்களுக்குத்தான் ஓட்டு; அவனுடைய இரண்டு அர்ப்பான் அதற்குப் போதாது.

இரண்டு சங்கத்தின் பெயரும் போட்டுக் கூட்டணிப் பலகை எழுத அவனைக் கூப்பிட்டார்கள். வர்ணம் கலக்க நானும் போனேன். போன இடத்தில் அடிதடி ஆகாத குறை.

"எங்க பள்ளிவாசல்தான் பழசு. எங்க சங்கத்துப் பேருதான் முதல்ல வரணும்" என்றார் மௌல்வி.

"ஓட்டு எங்ககிட்டதானே அதிகம்? எங்க பேருதான் முதல்ல" என்றார் பாய்.

கடைசியில் மௌல்வி எழுந்து செருப்பை மாட்டினார். "கூட்டணியும் வேணாம், ஒண்ணும் வேணாம்!"

விநாயகத்தின் முகம் வெளுத்துவிட்டது. உருதுவிலும் பிரெஞ்சிலும் பெயர்களை எழுதிக் கொடுத்திருந்த மாதிரிக் காகிதத்தையே வெறித்தவன் திடீரென்று கத்தினான்.

"மௌல்வி ஐயா, போயிடாதீங்க! உருதுவை எந்தப் பக்கமிருந்து படிப்பீங்க?"

"வலப்பக்கமிருந்து. அதுக்கென்ன?"

"பிரெஞ்சை?"

"இடப்பக்கமிருந்து" என்றார் பாய்.

"அப்ப வலது பாதியில ஐயா பேரு, இடது பாதியில பாய் பேரு. ரெண்டு பேரையும் ரெண்டு எழுத்துலயும் போடறேன். உருதுல படிச்சா ஐயா முதல்ல, பிரெஞ்சுல படிச்சா பாய் முதல்ல. இப்ப என்ன சொல்றீங்க?"

பாய் வயிறு குலுங்கச் சிரித்தார். "அடேய், இந்த மதராஸ்காரன் நம்மள நல்லா மாட்டிவிட்டானே!"

மௌல்வி செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். விநாயகம் தூரிகையை எடுத்துப் பலகையின் நடுவே ஒரு கோடு போட்டான்.

அவர்கள் நிறுத்திய ஆள் சொற்ப ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்த வருஷம் மழை தாமதித்ததால் எப்படியோ தப்பித்தோம். அடுத்த வெட்டுக்குள் பாலம் வந்துவிட்டது. பெரிதாக ஒன்றுமில்லை, கல் தூண்மேல் பலகை அடித்த பாலம். நவம்பரில் ஆறு பொங்கிய நாளில் விநாயகம் கரும்பு வண்டியை அதன்மேல் ஓட்டினான். நடுப்பாலத்தில் மாட்டை நிறுத்திவிட்டான்.

"ஏண்டா நிக்கிற? ஆலையில வரிசை சேருது!" என்று நான் கத்தினேன்.

"இரு மச்சான். கீழ தண்ணி போகுது, என் கரும்பு மேல நிக்குது. கொஞ்சம் பார்த்துக்கறேன்" என்றான்.