உட்கார மறுத்த பேரவை

எங்கள் பல்கலைக்கழக மாணவர் பேரவையின் வரலாற்றைச் சிறப்பு மலருக்காக எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். பழைய மலர்களைப் புரட்டினேன். ஒரு காலத்தில் பேரவை தானே தேர்தல் நடத்தியிருக்கிறது, தானே கேண்டீன் நடத்தியிருக்கிறது, அமைச்சர்களை மேடைக்கு அழைத்துக் குறுக்குக் கேள்வி கேட்டிருக்கிறது. பிறகு சட்டம் வந்து வாயைக் கட்டியது. மிஞ்சியது விருந்து ஏற்பாடும் பேனர் கட்டுவதும்தான். இப்போது சில வருடங்களாகத் தேர்தலை மறுபடியும் மாணவர்களே நடத்துகிறோம். இதையெல்லாம் ஒழுங்காக எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனால் பேரவை என்றால் எனக்கு நினைவுக்கு வருவது என் தோழி ஒருத்திதான். மலரில் அவளுக்குக் கிடைத்தது உறுப்பினர் வரிசையில் ஓர் இடம் மட்டும்.

நாங்கள் இருவரும் மலைக்காரர்கள். எனக்கு வீடு கம்போங் ராஜாவில். அப்பா முட்டைக்கோஸ் போடுகிறவர். அவள் ரிங்லெட்டுக்கு மேலே தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பஸ்ஸில், வாந்தியை அடக்க ஊறுகாய்ப் பொட்டலம் ஒன்றைப் பங்குபோட்டதில் தொடங்கிய சிநேகம். அவள் தேர்தலில் நின்றாள். தனியாக நிற்கப் பயந்து என்னையும் இழுத்துவிட்டாள். எனக்குக் கொள்கை எதுவும் கிடையாது. கூட்டத்துக்குப் போனால் நாசி லெமாக் சோறு தருவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன், அவ்வளவுதான்.

அவளுக்கோ கொள்கை இருந்தது. அவளுடைய அறைத்தோழி கடலுக்கு அப்பால் சரவாக்கில் எங்கோ உள்ளே தள்ளியிருந்த ஊரிலிருந்து வந்தவள். நீண்ட விடுமுறையில் விடுதியை முழுதாக மூடப்போவதாக அறிவிப்பு வந்திருந்தது. விமானம் ஏறி, பிறகு படகும் ஏறி வீடு போய்ச் சேர்ந்தால் திரும்பி வரத் தனக்குக் காசுக்கு வழியில்லை, படிப்பு அத்தோடு சரி என்று அந்தப் பெண் அழாமல் சொன்னாள். அதற்காகத்தான் என் தோழி நின்றாள்.

தேர்தலில் நிற்கும் செய்தியை வீட்டில் சொல்ல என்னையும் துணைக்குக் கூட்டிப் போனாள். அவள் அப்பா பல வருடங்களாகத் தோட்டத்து ஆட்களுக்காக மேனேஜர் துரையிடம் பேசுகிறவர். மாணவர் யூனியன் என்று கேட்டதும் அவர் முகம் மாறியது.

"படிக்கப் போன எடத்துல ஒனக்கு எதுக்கு லா யூனியன்?"

"அங்க தொரயெல்லாம் இல்லப்பா."

"தொர இல்லாத எடம் ஏது?"

ஆனாலும் தடுக்கவில்லை. அவள் நல்ல வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தாள். நான் தட்டுத் தடுமாறிக் கரையேறினேன்.

மாணவர் விவகார அதிகாரியைப் பார்க்க ஆறு பேர் போனோம். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் வழுக்கிக்கொண்டே போகிறவர். உட்கார வைப்பார், டீ கொடுப்பார், குடும்பத்தை விசாரிப்பார், கடைசியில் "பார்ப்போம்" என்று வழியனுப்புவார். முந்தைய பேரவைகள் டீ குடித்துவிட்டுத் திரும்பியதோடு சரி.

"டுடோக், டுடோக்" என்று நாற்காலிகளைக் காட்டி உட்காரச் சொன்னார். நான் பாதி உட்கார்ந்தும் விட்டேன். அவள் மட்டும் கைகட்டி நின்றாள். "தாக் ஆப்பா, துவான்" என்றாள், பரவாயில்லை ஐயா என்பதுபோல. அவர் மறுபடியும் சொன்னார். அவள் சிரித்துக்கொண்டே நின்றாள். நான் எழுந்தேன். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஆறு பேர் நிற்கும்போது தான் மட்டும் உட்கார்ந்திருப்பது அவருக்கே ஒருமாதிரியாகி, அவரும் எழுந்துவிட்டார். எல்லோரும் நிற்கிற அறையில் டீக்கும் இடமில்லை, மழுப்பலுக்கும் இடமில்லை. அவள் குரலை உயர்த்தாமல் சரவாக் பெண்ணின் நிலைமையைச் சொன்னாள். விடுதியில் ஒரு பிளாக்கை விடுமுறையிலும் திறந்து வைக்க அவர் அங்கேயே ஒப்புக்கொண்டார்.

பொழுது சாய்வதற்குள் வாட்ஸ்அப் முழுக்க அதே பேச்சு. பேரவை உட்கார மறுத்ததாம், பழைய காலத்து வீரம் திரும்பிவிட்டதாம். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஏண்டி, உக்கார மாட்டேன்னு ப்ளான் போட்டத எங்கிட்ட முன்னாடியே சொல்லக்கூடாதா?"

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "ப்ளானா? கேக்கப் போற எடத்துல எப்படி லா உக்கார்றது? எங்கப்பா தோட்டத்து ஆபீஸ்ல எப்பவும் நின்னுதானே பேசுவாரு. அதான் மரியாத."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வந்த பெருமையை இன்னொருத்தியாக இருந்தால் சும்மா வாங்கி வைத்துக்கொண்டிருப்பாள். இவளோ பாராட்ட வந்தவர்களிடமெல்லாம், இது போராட்டமில்லை, எங்கள் தோட்டத்துப் பழக்கம் என்று மெனக்கெட்டு விளக்கினாள். யாரும் நம்பவில்லை. எனக்கு அவள்மேல் மதிப்பு கூடிப்போனது.

விடுமுறை வந்தது. சரவாக் பெண் விடுதியிலேயே தங்கினாள், நாங்கள் மலையேறினோம். என் தோழியின் அப்பா வேலை முடிந்து வந்து வாசலில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் நடந்ததை அப்படியே நடித்துக் காட்டினேன், அதிகாரி எழுந்து நின்றது உட்பட. உங்களைப் பார்த்துக் கற்ற மரியாதைதானாம் என்றும் சொல்லி வைத்தேன். மனிதர் குளிர்ந்து போவார் என்று நினைப்பு.

அவர் சிரிக்கவில்லை. மகளைப் பார்த்துக் கேட்டார்.

"மரியாதைக்கு நின்னோம்னா நெனச்ச? அந்த ஆபீஸ்ல நாற்காலி ஒண்ணுதாம்மா. அதுல தொர உக்காந்திருப்பாரு."

அவள் அவருடைய பூட்ஸை எடுத்து ஓரமாக வைத்தாள்.

அடுத்த பருவத்தில் மறுபடியும் அதே அறைக்குப் போனோம். அதிகாரி வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். இன்னொரு பிளாக்கும் வேண்டும் என்று உட்கார்ந்தபடியே கேட்டாள்.