மகளின் இடது கையும் மாமனாரின் முதல் பஸ்ஸும்

இந்த நேரத்தில் போஸ்ட் போடுவதற்கு மன்னித்துவிடுங்கள். தூக்கம் வரவில்லை.

இன்று என் மகள் உறுதிமொழி எடுத்துச் சாரணியர் படையில் சேர்ந்தாள். அவர்கள் தங்களுக்குள் இடது கையால்தான் கைகுலுக்குவார்களாம். இவளோ ஊருக்கே குலுக்குகிறாள்.

மலை மேலிருக்கும் எங்கள் ஊருக்குத் திரும்ப மாரமங்கலம் பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டரிடம் இடது கையை நீட்டினாள்.

“ஏன் கண்ணு, சோத்துக்கைக்கு என்னாச்சு?”

“இதுதானுங்க இதயத்துக்குப் பக்கம்.”

மனிதர் நெகிழ்ந்து குலுக்கினார். அதோடு விட்டிருக்கலாம். அடுத்த சீட்டு அம்மாவுக்கு டிக்கெட்டையும் இடது கையாலேயே கொடுத்தார்.

“ஏனுங்க, பீச்சாங்கையில நீட்டறீங்க?”

“இதயத்துக்குப் பக்கமுங்க!”

“அப்ப நானும் அதே கையால ஒண்ணு குடுக்கட்டுங்களா?”

பஸ்ஸே சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நாளைக் காலை சேலத்திலிருந்து முதல் பஸ்ஸில் என் மாமனார் வருகிறார். எங்கள் கல்யாணத்தில் அவசரத்தில் இடது கையால் தாம்பூலம் கொடுத்துவிட்ட என் அப்பாவிடம் இன்றுவரை பேசாதவர்.

“தாத்தா சாரணர் இல்லையே சாமி, அவருக்கு வலது கையைக் குடு” என்றேன்.

“பஸ்ஸ விட்டு எறங்கினதும் படையில சேத்துக்கறேம்மா.”

இடது கையில் பூங்கொத்தைக் கொடுத்துவிடலாம் என்று பார்த்தால், அதையும் அந்தக் கையாலேயே நீட்டுவாள்.

சாரணர்களைப் பெற்றவர்களே, உங்கள் வீட்டில் எப்படிச் சமாளித்தீர்கள்? முதல் பஸ் மலையேறுவதற்குள் பதில் போடுங்கள், ப்ளீஸ்.