முனியம்மாவின் காதுக்கு எழுதிய காரணம்

அன்று காலை கிள்ளான் ஆஸ்பத்திரியின் ஆபீஸ் அறையில் நான்கு பேர் இருந்தோம். நான், காயங்களுக்குக் கட்டுப் போடும் டிரெசர் அந்தோணி அண்ணன், மேரு பக்கத் தோட்டத்திலிருந்து வந்த முனியம்மா, அவருடைய மாமியார். இருக்க வேண்டிய இரண்டு பேர் இல்லை. ஒருவர் எங்கள் ஆபீஸ் எழுத்தர்களுக்கெல்லாம் மூத்தவரான பெரிய கிராணி. மலேரியாக் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தார். இன்னொருவர் முனியம்மாவின் புருஷன் வீரப்பன். சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் கொண்டுபோன ஆட்களில் ஒருவர். ஒன்றரை வருஷமாகத் தகவல் இல்லை.

பெரிய கிராணி வந்திருந்தால் நோயாளிகளின் பாரத்தை நிரப்பும் வேலை என் கைக்கே வந்திருக்காது. நான் வேலையில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எழுதுவதை உண்மையாக எழுத வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. புதிதாக வரும் கிராணிகளுக்கு உதவுமே என்றுதான் இதை எழுதுகிறேன். எனக்கே இது முழுக்கப் புரிந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

முனியம்மாவுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். மரவள்ளிக்கிழங்கு விற்றுவிட்டுத் திரும்பும்போது இரண்டு பேர் வழிமறித்து, கழற்றித் தருகிறேன் என்று சொல்லியும் கேட்காமல், காதில் இருந்த தோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். இரண்டு காதும் கீழே பிளந்துவிட்டன. புண் ஆறிவிட்டது, ஆனால் பிளந்தபடியே ஆறியிருந்தது. ஓரத்தை அறுத்து, சேர்த்துத் தைக்க வேண்டும்.

எங்கள் விதி எளிமையானது. காயம், நோய் என்றால் இலவசம். பாரத்தின் நகல் மேலிடத்து ஜப்பான் அதிகாரிகளுக்குப் போகும். அழகுக்காகச் செய்துகொள்வது என்றால் அறுபது டாலர், வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டில். நகல் எங்கேயும் போகாது. எது என்று முடிவு செய்ய 'காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது.

"காது நல்லா கேக்குதாக்கா?" என்று கேட்டேன்.

"கேக்குது தம்பி. ஊரு பேசுறது பூராவும் கேக்குது."

'கேட்பதில் குறையில்லை' என்று இங்கிலீஷில் எழுதிவிட்டு, "அப்போ இது அழகுக்குத்தான். அறுபது டாலர் ஆகும்" என்றேன்.

மாமியாருக்குக் கோபம் வந்துவிட்டது. "அழகுக்கா? இவ என்ன பாசார்ல நின்னு மினுக்கவா போறா? காதுல தோடு இல்லேன்னா தாலி அறுத்தவன்னு சொல்றாளுங்கய்யா. எம்மவன் உசுரோட இருக்கான்!"

"தாலி இருக்கே, அதைப் பார்த்தா தெரியாதா?" என்றேன்.

"அதையும் புடுங்கிடுவானுங்கன்னு சேலைக்குள்ள மறைச்சு வச்சிருக்கேன். காதை எங்க தம்பி மறைக்கிறது?" என்றார் முனியம்மா. "போன மாசம் எங்க தோட்டத்து லயத்து வீட்டுல ஒரு கல்யாணம். தாம்பூலத் தட்டைத் தூக்கப் போனேன். நீ தொடாதேன்னுட்டாங்க. அவருக்குக் கருமாதி பண்ணிடுன்னு சொல்றவங்களும் இருக்காங்க. பித்தளையிலயாவது ஒரு தோட்டைப் போட்டுக்கிட்டு நடந்தாத்தான் அந்த வாயெல்லாம் மூடும்."

எனக்குக் குழம்பிவிட்டது. இது நோயில்லை. ஆறிப்போனதால் காயமும் இல்லை. அழகு என்றும் எழுத மனம் வரவில்லை.

"காயம்னு போட்டுட்டு ஆளை விடு லா. யாரு வந்து பார்க்கப் போறா?" என்றார் அந்தோணி அண்ணன்.

"ஆறிடுச்சே அண்ணே."

"உனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த வாத்தியாரைத்தான் உதைக்கணும்."

கடைசியில் அந்த இரண்டு பெண்களும் சொன்னதையே எழுதினேன். 'கணவர் உயிருடன் இருப்பதைக் காட்டுவதற்காக.' படித்துப் பார்த்தபோது திருப்தியாக இருந்தது. இலவசக் கட்டத்தில் குறி போட்டு நகலை அனுப்பினேன்.

நான்காம் நாள் ஆபரேஷனுக்காக இரண்டு பெண்களும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அப்போது, சயாமுக்கு ஆள் எடுத்த ஜப்பான்காரர்களின் லேபர் ஆபீஸிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர் வந்தார். தமிழர்தான். கையில் என் நகல்.

"நீதானா எழுதின கிராணி? புருஷன் உயிரோட இருக்கான்னு போட்டிருக்கே. சயாம்லேர்ந்து ஓடி வந்துட்டானா? எங்க ஒளிச்சு வச்சிருக்காங்க?"

ஓடி வந்தவனை ஒளித்து வைத்திருந்தால் குடும்பத்தையே சிறையில் போடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் முனியம்மா பக்கம் திரும்பினார்.

"சொல்லும்மா. உன் புருஷன் எங்க?"

"அதைத்தானய்யா நானும் ஒன்றரை வருசமா கேக்குறேன். உங்க ஆபீஸ்ல தெரிஞ்சா நீங்களே சொல்லுங்க."

அவர் முனியம்மாவின் காதைப் பார்த்தார், பிறகு பாரத்தைப் பார்த்தார். "உயிரோட இருக்கான்னா நான் தேடியாகணும். செத்துட்டான்னு எழுதினா அடுத்த நிமிஷம் கேஸை மூடிடுவேன்" என்றார்.

மாமியார் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். என் பேனா மைக்கூட்டில் நின்றது. செத்துவிட்டார் என்று எழுதிவிட்டு அந்தக் காதைத் தைத்து என்ன பயன் என்று எனக்குத் தோன்றியது.

முனியம்மாதான் பேசினார். "அழகுக்குன்னே எழுது தம்பி. நான் மினுக்கத்தான் வந்தேன். காசு கட்டிடுறோம்."

மொழிபெயர்ப்பாளர் என்னைப் பார்த்தார். நான் பழைய பாரத்தைக் கிழித்துவிட்டு, புதிதாக ஒன்றில் 'அழகுக்காக' என்று எழுதினேன். அதற்கு நகல் அனுப்ப வேண்டியதில்லை. தன் கையிலிருந்த நகலை அவரும் நான்காக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, "இங்கிலீஷ் நல்லா எழுதுறே. கொஞ்சமா எழுது" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு உதவினாரா மிரட்டினாரா என்று இன்றுவரை தெரியவில்லை.

டாக்டர் தைக்க எடுத்துக்கொண்டது அரை மணி நேரம். ஆஸ்பத்திரியில் நூல் தீர்ந்திருந்ததால் பட்டு நூல் உருண்டை ஒன்றை அவர்களே வாங்கி வர வேண்டியிருந்தது. துணிக்கடை பாய் அதற்கு நூற்றைம்பது டாலர் கேட்டாராம். தைக்க அறுபது, நூலுக்கு நூற்றைம்பது. அந்தக் கணக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

இப்போது ஜப்பான்காரர்கள் போய்விட்டார்கள். சயாமிலிருந்து ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறார்கள். வீரப்பன் வந்தாரா என்று தெரியவில்லை. கேட்க எனக்குத் தைரியமில்லை.

நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். காரணத்தை எழுதும் முன், அதை யார் படிக்கப்போகிறார் என்று யோசிக்க வேண்டும். நான் எழுதிய உண்மை அந்தக் குடும்பத்தைச் சிறைக்கு அனுப்பப் பார்த்தது. ஒரு பொய்தான் காப்பாற்றியது. எது நேர்மை என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. செலவை மட்டும் சரியாகச் சொல்ல முடியும். முட்டையிடும் கோழிகளை விற்று அவர்கள் கொடுத்தது, இரண்டு காதுக்கும் சேர்த்து, இருநூற்றுப் பத்து டாலர்.